ஏசுராஜ் எடுத்த கரை

மரக்காணம் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, ஞானஸ்நானம் என்று எதற்காவது உடுத்திய நல்ல துணியில் கறை பட்டுவிட்டால், ஏசுராஜிடம் கொடு, போய்விடும் என்பார்கள். 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவருக்கு வயது நாற்பத்தொன்பது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். இடது கைச் சுட்டுவிரல் நகம் மட்டும் மற்ற ஒன்பதைவிட வெளுத்திருக்கும். எந்தக் கறையானாலும் அந்த விரலைத்தான் முதலில் வைத்துப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோயிலின் பலிபீடத் துணிகளையும் சாமியாரின் திருவுடைகளையும் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பார். மெழுகு சொட்டியதைக் காகிதம் வைத்துத் தேய்ப்புப் பெட்டியால் எடுப்பதும், திராட்சை இரசம் சிந்திய இடத்தில் உடனே உப்பைக் கொட்டுவதும் அங்கே பழகியவை. அப்புறம், 2004 டிசம்பரில், கடல் வந்தது. குப்பத்தில் அவர் மூன்று மாதம் முன்பு போட்டிருந்த தேய்ப்புக்கடை, மேசையோடு போயிற்று.

அதற்குப் பத்தொன்பதாம் நாள், எங்கிருந்தோ நிவாரணமாக ஒரு லாரி பழைய துணி வந்தது. அதில் உடுத்தக்கூடியது குறைவு. ஜிகினா ஒட்டிய நீளக் கவுன்கள், வெல்வெட் கோட்டுகள், முழங்கை வரை வரும் கையுறைகள். மீனவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வலை காயப்போடும் இடத்தில் அவற்றைக் குவித்துவிட்டார்கள். ஏசுராஜ் அந்தக் குவியலிலிருந்து பதினாலு உருப்படி எடுத்துவந்தார். ஒவ்வொன்றிலும் அவர் பிறந்ததிலிருந்து பார்த்திராத ஏதோ ஒரு கறை இருந்தது. நாலு மாதத்தில் பதிமூன்றை எடுத்துவிட்டார். அதில் ஒரு ஊதாக் கவுனை அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜாவுக்குப் போட்டார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

கறை எடுப்பதே தொழிலாகிவிட்ட பிறகு, இடம் கொடுத்தவர் கலியமூர்த்தி. உப்பளமும் இரண்டு லாரியும் உள்ளவர். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் அவருடைய உப்பு மூட்டை அடுக்கும் கொட்டகையின் தெற்குப் பக்கத்தில் பதினோரு அடிக்கு ஒன்பது அடி. அதன் பின்னால் உப்பு அம்பாரங்கள். தொழிலின் ரகசியமே அந்த அம்பாரங்கள்தான். கொடியை இரண்டு அம்பாரத்துக்கு நடுவில் கட்டினால், துணிக்கு மேலிருந்து ஒரு வெயில், உப்பிலிருந்து எதிரடித்து ஒரு வெயில். வேறெங்கும் நாலு நாள் பிடிக்கும் மஞ்சள் கறை அங்கே ஒன்றரை நாளில் போய்விடும். வாழைக்கறைகூடச் சற்று யோசிக்கும். இப்படி ஒரு இடம் ஏசுராஜுக்கு வேறு கிடையாது. அதை அவரும் அறிவார், கலியமூர்த்தியும் அறிவார்.

ஏசுராஜிடம் ஒரு விதி உண்டு. என்ன செய்ய வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதித் துணியோடு ஊசி குத்தித் தர வேண்டும். ஒருமுறை யாரோ வாயால் கஞ்சி போடச் சொல்லிவிட்டு, பிறகு சொல்லவே இல்லை என்று சாதித்து, அந்தப் பட்டுச் சட்டை அட்டை மாதிரி நின்றதிலிருந்து வந்த விதி. சீட்டில் உள்ளதைச் செய்வார். இல்லாததைச் செய்ய மாட்டார். படிப்பு ஆறாம் வகுப்புவரைதான். ஆனால் கோயிலில் வேதபாடம் நடத்திய சூசை உபதேசியாரிடம் எழுத்துப் பழகியவர். சின்ன ர, பெரிய ற இரண்டையும் மாற்றிப் போட்டால் உபதேசியார் மாற்றிப் போட்ட விரலைப் பார்த்து அடிப்பார். அதனால் ஏசுராஜ் வாழ்க்கையில் எழுத்துப் பிழை விட்டது கிடையாது. உலகத்தில் அவர் பெருமைப்பட்டுக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, கலியமூர்த்தியின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள அவர் கட்டிப் போனது சாதாரண வேட்டி இல்லை. போன வருஷம் மாவட்டம் மேடையில் வைத்துத் தன் கையால் கொடுத்த கட்சிக் கரை வேட்டி. கட்சியில் மாவட்டச் செயலாளரை மாவட்டம் என்றும், ஒன்றியச் செயலாளரை ஒன்றியம் என்றும்தான் கூப்பிடுவார்கள். மாவட்டம் காரில் வந்தது, ஒன்றியம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தது என்பார்கள். அது எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. கரை இரண்டு விரல் அகலம், இரண்டு நிறம்.

பிள்ளை மடியில் அழுது புரண்டும் வேட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்தியில்தான் போயிற்று. பீட்ரூட் பொரியலோடு வந்த மச்சான் கால் தடுக்கி, கரண்டியிலிருந்ததை அவர் தொடைமேல் இறக்கிவிட்டார். கறை மூன்று அங்குல நீளம், அகலமான இடத்தில் ஒன்றேகால் அங்குலம்.

அடுத்த ஞாயிறு, மார்ச் 19, செயல்வீரர்கள் கூட்டம். மாவட்டம் வருகிறது. தேர்தலுக்கு ஐம்பது நாள் இருந்தது. ஒன்றியத் துணைச் செயலாளர் பதவி காலியாக இருந்தது. தனக்குத்தான் கிடைக்கும் என்று கலியமூர்த்தியும், தனக்குத்தான் என்று அதே கட்சியில் இருந்த அப்பாவு என்பவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாவட்டம் கொடுத்த வேட்டியிலேயே மாவட்டத்தின் முன் நிற்க வேண்டும் என்பது கலியமூர்த்தியின் திட்டம். திங்கட்கிழமை காலை லாரி டிரைவரிடம் வேட்டியைக் கொடுத்தனுப்பினார். விதிப்படி சீட்டும் குத்தியிருந்தது:

"கரை கொஞ்சம்கூட வெளியே தெரியக் கூடாது. ஞாயிறு கூட்டத்துக்குள் சுத்தமாக எடுத்துவிடவும். கலியமூர்த்தி."

ஏசுராஜ் மூன்று முறை படித்தார். சின்ன ர. மூன்றாவது முறையும் சின்ன ர-தான். வேட்டியை விரித்துக் கரையைப் பார்த்தார். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மனைவி சகாயமேரியிடம் சீட்டைக் காட்டினார். அவளுக்கு எழுத்து தெரியாது. அவர் படித்துக் காட்டக் கேட்டுவிட்டு, அந்தப் பீட்ரூட்டைச் சொல்றாருங்க என்றாள்.

இல்லை என்று விளக்கினார். இது கறை இல்லை, கரை. அவள் இரண்டு முறை கேட்டும் அவளுக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. ஆனால் விஷயம் விளங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அப்ப கட்சி மாறுறாரா?"

அப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மாதத்தில் மட்டும் வட்டாரத்தில் ஐந்து பேர் மாறியிருந்தார்கள். டீக்கடையில் காலையில் ஒரு கூட்டணி, மாலையில் ஒரு கூட்டணி. கூட்டத்துக்கு முன்பே கரை இல்லாமல் போய் நிற்கப்போகிறார், இது பெரிய இடத்து ரகசியம், வாயைத் திறக்காதே என்று மனைவியை எச்சரித்தார். கலியமூர்த்தியிடம் கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். வெளியே தெரியக் கூடாது என்று எழுதியிருக்கிறாரே, கேட்டால் நாலு பேர் காதில் விழுமே என்று விட்டுவிட்டார்.

கரையை எடுப்பது கறையை எடுப்பதைவிடக் கஷ்டம். கறை என்பது துணிக்கு விருந்தாளி. கரை அந்த வீட்டிலேயே பிறந்தது. கடல் வந்த சமயத்தில் தெருத்தெருவாகத் தூவிய பிளீச்சிங் பவுடரில் முக்கால் மூட்டை அவரிடம் மிச்சமிருந்தது. வேட்டியின் உடம்பைப் பிளாஸ்டிக் தாளில் சுருட்டிக் கட்டி, இரண்டு கரையை மட்டும் தொட்டியில் தொங்கவிட்டு, எடுத்து வெயிலில் காட்டி, மறுபடி தொங்கவிட்டு, எலுமிச்சைச் சாற்றில் அலசி, இப்படி மூன்று நாளில் ஒன்பது தடவை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அங்கே ஒரு கட்சி இருந்தது என்பதற்கே அடையாளம் இல்லை. ஏசுராஜ் கரை இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். தன் வேலைகளிலேயே இதுதான் உயர்ந்தது என்று அவருக்குத் தோன்றியது.

பீட்ரூட்டை அவர் தொடவில்லை. சீட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

வேட்டியை இரண்டு அம்பாரத்துக்கு நடுவில் காயப்போட்டார். பதினொன்றே முக்காலுக்கு அந்த வழியாக மொபெட்டில் போன அப்பாவு நிறுத்தினார். வேட்டியின் மூலையில் சிவப்பு நூலால் 'க.மூ.' என்று தைத்திருந்தது. அப்பாவு கொடியை இரண்டு தடவை சுற்றிவந்தார். கரை எங்கே போச்சு என்று கேட்டதற்கு ஏசுராஜ், அது எனக்குத் தெரியாதுங்க, சொன்னதைச் செய்தேன் என்றார். ரகசியம் காப்பதாக அவருக்கு நினைப்பு. அப்பாவு மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே பறந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் கலியமூர்த்தி வீட்டுக்கு ஒரு மஞ்சள் பை கொடுத்தனுப்பினார். உள்ளே அவர்கள் கரை போட்ட புது வேட்டி, அளவு சரியா என்று பார்க்கச் சொல்லி. எட்டே காலுக்கு ஒன்றியம் போன் பண்ணி, உனக்கு நாங்க இன்னா கொறை வெச்சோம் என்று கேட்டு அழுதது. எட்டரைக்குக் கலியமூர்த்தியின் புல்லட் கொட்டகை முன் நின்றது.

பேச்சில் கரையும் கறையும் ஒரே சத்தம்தான். ஆகவே யார் எதை நினைத்துச் சொன்னாரோ அந்த எழுத்திலேயே இங்கே எழுதப்படுகிறது. அங்கே நின்றிருந்த நான்கு மூட்டைத் தொழிலாளிகளுக்கு அந்த வசதி இல்லை.

"கறையை எடுக்கச் சொன்னா கரையை எடுப்பியா நீ?"

"கரையைத்தான் எடுக்கச் சொல்லியிருக்கீங்க, மொதலாளி."

"ஆமாய்யா, கறையைத்தான் எடுக்கச் சொன்னேன்."

"அதான் எடுத்துட்டேன்."

"அப்ப இது இன்னா?" என்று கலியமூர்த்தி பீட்ரூட்டைக் காட்டினார். சுற்றிலும் வெளுத்த வெளுப்பில் அது முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

"அது கறைங்க."

தொழிலாளிகளில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார்.

ஏசுராஜ் சீட்டை எடுத்துவந்து நீட்டினார். சின்ன ர போட்டிருக்கீங்க, பெரிய ற போட்டிருக்கணும் என்று பணிவாகவே சொன்னார். கலியமூர்த்தி சீட்டை வெகுநேரம் பார்த்தார். ர-வையெல்லாம் பார்த்தா எழுதுவார்கள், கைக்கு எது வருதோ அதைப் போடுகிறோம், அதற்காக நாற்பது வருஷத்தில் ஒருத்தன் இப்படி ஒரு காரியம் பண்ணவில்லையே என்று புலம்பினார். பிறகு முகம் மாறியது.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு வா. மேடையில ஏறி மாவட்டத்துகிட்ட, நான் சரியாத்தான் எழுதுனேன், நீதான் தப்பா படிச்சிட்டேன்னு சொல்லு. சொன்னா இங்கியே இரு. இல்லன்னா திங்கக்கெழம கொட்டாய காலி பண்ணிடு."

ஏசுராஜுக்கு இரண்டில் எது பெரிய அடி என்று தெரியவில்லை. கொட்டகை போனால் தொழில் போகும். ஆனால் எழுத்தைத் தப்பாகப் படித்தேன் என்று இருநூறு பேர் முன்னால் சொல்வதா? அதுவும் தவக்காலத்தில், மேடையில் ஏறி, மைக்கில் பொய்யா?

சனிக்கிழமை முழுக்கச் சைக்கிளில் இடம் தேடினார். சாலை ஓரமாகக் கீழ்புத்துப்பட்டு வரைக்கும் போனார். மூன்று இடம் கிடைத்தது. ஒன்று புளியமரத்தடி, ஒன்று பஞ்சர் கடைப் பின்பக்கம், ஒன்று கோழிக்கடை மாடி. மூன்றிலும் நிழல். நல்ல நிழல் என்று காட்டியவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். நிழலை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? மாலை திரும்பி வந்து, சகாயமேரியை வைத்துக்கொண்டு தேய்ப்புப் பெட்டியையும் இரண்டு தொட்டியையும் கயிற்றால் கட்டினார்.

"சொல்லிடுங்களேன்," என்றாள் அவள். "நாங்கள்லாம் படிக்கவே தெரியாமதான் இருக்கறோம். செத்தா போயிட்டோம்?"

அவர் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டார். ஆனால் விடியும்போது ஒரு முடிவு இருந்தது. பொய் சொல்லப்போவதில்லை. உண்மையைச் சொல்வது. கலியமூர்த்தி நினைத்தது கறை, எழுதியது கரை, நான் எடுத்தது கரை. இவ்வளவுதானே? கேட்பவர்கள் புரிந்துகொண்டால் அவர் கட்சி மாறவில்லை என்பதும் தெரிந்துவிடும், தன் படிப்புக்கும் பழுது வராது. ஒரு எழுத்துப் பிழை வெளியே வரும், அவ்வளவுதான். காலை ஏழு மணிப் பூசையில் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தார்.

கல்யாண மண்டபத்தில் கூட்டம் பத்தரைக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பன்னிரண்டே காலுக்குத் தொடங்கியது. மேடையில் மாவட்டம் நடுவில், ஒன்றியம் வலப்பக்கம். கலியமூர்த்தி அதே கட்சிக் கரை போட்டுக் கடையில் வாங்கிய வேறு வேட்டியில் கூசிக்கொண்டு நின்றார். அப்பாவு அந்தக் கரையில்லாத வேட்டியையே எப்படியோ கொண்டுவந்து மேசைமேல் விரித்துவைத்திருந்தார். மாவட்டம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் கையால் கொடுத்த வேட்டி இது என்று மட்டும் சொன்னது.

எடுத்தவனையே கேளுங்க தலைவரே என்றார் கலியமூர்த்தி. ஏசுராஜை மேடைக்குத் தள்ளினார்கள். மைக் அவர் உயரத்துக்கு இறங்கவில்லை. ஒருவர் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஏசுராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழகிய வாக்கியத்தைச் சொன்னார்.

"அவரு நெனச்சது கறைங்க. எழுதுனது கரைங்க. நான் எடுத்தது கரைங்க."

மண்டபத்துக்குக் கேட்டது இதுதான்: அவரு நெனச்சது கரை, எழுதுனது கரை, நான் எடுத்தது கரை.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மூணும் ஒண்ணாத்தானப்பா இருக்குது, இன்னாதான் பிரச்சினை?" என்றது.

அப்பாவு, பார்த்தீர்களா, நினைத்தே எடுத்திருக்கிறான் என்று ஒன்றியத்தின் காதில் சொன்னார். ஏசுராஜ் உபதேசியார் சொல்லித் தந்தபடி நாக்கை மேலே மடித்து, பெரிய ற-வை அழுத்தி இன்னொரு முறை சொன்னார். மைக் கீச்சிட்டது. முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழுதது. ஒலிபெருக்கியைத் தாண்டி வந்தபோது அதுவும் பழைய கரையாகவே வந்து விழுந்தது. கொட்டகை போய்விட்டது என்றே ஏசுராஜ் நினைத்தார். கடைசியாக, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"ஐயா, சின்னது பெருசு இருக்குதுங்க இல்ல?"

மாவட்டம் முன்னால் சாய்ந்தது. "எதுல, கரையிலயா?"

"ஆமாங்க. அதுலதாங்க."

"சரி, இதுல இருந்தது?"

"சின்னதுங்க. நான் மூணு தடவை பாத்தேன். சின்னதுதான்."

"கலியமூர்த்தி கேட்டது?"

"அவருக்கு வேணும்னு இருந்தது பெருசுங்க. வந்தது சின்னதா வந்துட்டுது. அதான் எடுத்துட்டேன்."

இதில் ஒரு சொல் பொய் இல்லை. மாவட்டம் கண்ணை மூடி ஒரு கணம் யோசித்தது. பிறகு வேட்டியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டியது.

"கேட்டீங்களா? ரெண்டு விரல் கரை என் கட்சிக்குப் போதாது, பெரிய கரை வேணும்னு இருக்கற கரையையே எடுத்திருக்காரு மனுஷன். இங்க இருக்கற எவனுக்காவது இந்த யோசனை வந்துதா?"

கைதட்டல் ஒன்றரை நிமிஷம் நீடித்தது. அப்பாவு குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். அவருடைய கரை ஒன்றரை விரல்தான். மேடையிலிருந்த மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பீட்ரூட் கறையைப் பார்த்த ஒன்றியம், இது என்ன என்று கேட்கப்போய், மாவட்டம் முறைத்ததில் வாயை மூடிக்கொண்டது.

இல்லைங்க, நான் சொன்னது எழுத்தைங்க என்று ஏசுராஜ் மறுபடி மைக்கை நோக்கிப் போனார். அதற்குள் யாரோ அவர் தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, படி இறக்கிவிட்டார்கள். கலியமூர்த்தி ஒன்றியத் துணைச் செயலாளர் என்று ஒலிபெருக்கி அறிவித்தபோது ஏசுராஜ் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொட்டகைக்கு வந்து கட்டிவைத்த சாமான்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. ஆகவே திங்கட்கிழமை காலி பண்ண வேண்டியதுதான். அது அவருக்குச் சந்தேகமில்லாமல் பட்டது. பதவி கிடைத்ததால் விதி மாறும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சகாயமேரி மூன்று சக்கர வண்டிக்கு ஆள் பார்க்கப் போயிருந்தாள்.

மூன்றரை மணிக்குக் கலியமூர்த்தி மாலையோடு வந்து இறங்கினார். அக்குளில் அந்த வேட்டி.

"நீ தப்பா படிச்சேன்னு சொல்லவே இல்லியே?"

"இல்லைங்க. சரியாத்தான் படிச்சேன்."

கலியமூர்த்தி பக்கத்தில் கயிறு சுற்றியிருந்த தொட்டிகளைப் பார்த்தார்.

"எவனோ சொன்னானாம், இவனும் கட்டுனானாம். அவுருய்யா கயித்த. இங்கதான் இருக்கணும் நீ. உன்னை வேற எவன்கிட்டயாவது வுட்டா, நீ அங்க போயி நெசத்த சொல்லித் தொலைப்ப."

ஏசுராஜ் முதல் முடிச்சை அவிழ்த்தார். கலியமூர்த்தி வேட்டியை மேசைமேல் விரித்து, ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூடிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதையும் திரும்பச் செருகினார். பிறகு பீட்ரூட்டின் மேல் விரலை வைத்து, அழுத்தி, ஏசுராஜின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சீட்டு இல்லாமல் ஏசுராஜ் வாங்கிய ஒரே வேலை அது. புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கறை போயிற்று.